எந்த லினக்ஸ்? இந்தியக் கணினிகளில் ஒரு தேர்வின் முப்பதாண்டு வரலாறு

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதற்கு அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லையும் ஒப்பீட்டளவில் புதிய செயலியையும் கேட்கிறது. ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஆறேழு ஆண்டுப் பழைய மடிக்கணினிகள் பல, ஒரே நாளில் ‘பழையவை’ ஆயின. அவற்றை வைத்திருப்போர் பலரின் வாயிலும் இப்போது ஒரு கேள்வி: லினக்ஸ் போடலாம், ஆனால் எந்த லினக்ஸ்?

இதற்குக் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் பெயர்ப் பட்டியல்களே. மின்ட், உபுண்டு, ஃபெடோரா, டெபியன், சூசே எனப் பத்துப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி நிறை, இரண்டு வரி குறை. இது புடவைக் கடையில் நிறம் பார்ப்பதைப் போன்ற சுவை சார்ந்த தேர்வு என்ற எண்ணத்தை அப்பட்டியல்கள் ஏற்படுத்துகின்றன. வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. இந்தியாவில் சொந்தப் பயன்பாட்டிற்கு லினக்ஸை எடுத்துக்கொண்டவர் எதைத் தேர்ந்தார் என்பதைக் கடந்த முப்பது ஆண்டுகளில் மூன்று காரணங்கள் தீர்மானித்துள்ளன: எது கைக்கு வந்து சேர்ந்தது, எதில் தம் மொழியின் எழுத்து சிதையாமல் நின்றது, பழுதானால் உதவ யார் அருகில் இருந்தார். மென்பொருளின் தொழில்நுட்பத் தரம் இம்மூன்றிற்கும் பின்னரே வந்தது.

வழங்கல் என்றால் என்ன

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்டது கெர்னல் மட்டுமே. வன்பொருளுக்கும் பிற நிரல்களுக்கும் இடையே நின்று வேலை வாங்கும் நடுப்பகுதி அது. அதைக் கொண்டு ஒருவர் கடிதம் எழுதவோ கணக்குப் போடவோ இயலாது. கெர்னலோடு ரிச்சர்ட் ஸ்டால்மனின் குனூ திட்டம் உருவாக்கிய கருவிகளையும், திரைக்கான வரைகலை அமைப்பையும், பயன்பாட்டு நிரல்களையும் ஒருவர் திரட்டி, ஒன்றோடொன்று மோதாமல் பொருத்தி, நிறுவும் வழியையும் சேர்த்துத் தர வேண்டும். அவ்வாறு திரட்டித் தரப்படும் தொகுப்பே ‘டிஸ்ட்ரிபியூஷன்’. தமிழில் ‘வழங்கல்’ எனப்படுகிறது.

1992-இல் பீட்டர் மெக்டொனால்டு தொகுத்த எஸ்எல்எஸ், இவ்வகையில் பரவலாகப் பயன்பட்ட முதல் தொகுப்புகளுள் ஒன்று. அதில் பிழைகள் மலிந்திருந்தன. அப்பிழைகள்மீது எழுந்த அதிருப்தியிலிருந்து 1993-இல் இரண்டு வழங்கல்கள் பிறந்தன. ஜூலையில் பேட்ரிக் வோல்கர்டிங் எஸ்எல்எஸ்ஸைத் திருத்தி ஸ்லாக்வேரை வெளியிட்டார். ஆகஸ்டில், பர்டூ பல்கலைக்கழக மாணவராக இருந்த இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். முன்னது ஒருவர் முடிவெடுக்கும் முறை. பின்னது, காலப்போக்கில், நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் வாக்களித்து முடிவெடுக்கும் முறை. பயனர்களுக்குத் தான் அளிக்கும் உறுதிமொழிகளை 1997-இல் டெபியன் ‘சமூக ஒப்பந்தம்’ என்ற பெயரில் எழுத்தில் வைத்தது. இதற்கிடையே அமெரிக்காவில் ரெட் ஹாட்டும் ஜெர்மனியில் சூசேயும் வணிக நிறுவனங்களாக வளர்ந்தன. அங்கு முடிவெடுத்தவர்கள் நிறுவனத்தினர்.

ஆக, வழங்கல்களிடையே காணப்படும் வேறுபாடு முதலில் ஆட்சிமுறை வேறுபாடாகவே தோன்றியது. எந்த நிரல் உள்ளே வரும், எது வராது, எத்தனை ஆண்டுகளுக்குப் பழுதுபார்க்கப்படும், இயல்பான எழுத்துரு எது என்பனவற்றைப் பயனருக்காக யாரோ முடிவு செய்கிறார்கள். வழங்கலைத் தேர்வது, அவ்வாறு முடிவெடுப்பவரைத் தேர்வதாகும்.

குறுந்தட்டின் காலம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பு 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. அது தொலைபேசிக் கம்பி வழியே வந்த இணைப்பு. பின்னாளில் வந்த, நொடிக்கு 56 கிலோபிட் வேகமுள்ள மோடத்தை வைத்துக் கணக்கிட்டாலும் 650 மெகாபைட் கொண்ட ஒரு குறுந்தட்டை இறக்க ஒரு நாளுக்கும் மேலாகும். அதுவும் இணைப்பு ஒருமுறைகூட அறுபடாமல் இருந்தால். ஒவ்வொரு நிமிடத்திற்கும் தொலைபேசிக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். இந்நிலையில் ‘பதிவிறக்கிப் பார்த்துத் தேர்வது’ என்பதற்கு இடமே இல்லை.

லினக்ஸ் இந்திய வீடுகளுக்குள் வந்தது கணினி இதழ்களோடு இணைத்துத் தரப்பட்ட குறுந்தட்டுகளில்தான். பிசி குவெஸ்ட் இதழ் 1996 முதல் லினக்ஸ் குறுந்தட்டுகளை வாசகர்களுக்கு வழங்கியது. அதன் பின்னணியில் பெங்களூரைச் சேர்ந்த அதுல் சிட்னிஸ் முதன்மையானவராக இருந்தார். அந்நாளைய பயனர் ஒருவர் தம் கணினியில் எந்த வழங்கலை வைத்திருந்தார் என்பதற்கான விடை, அவ்வாண்டு இதழின் ஆசிரியர் குழு எதைத் தட்டில் பதித்தது என்பதிலேயே பெரும்பாலும் இருந்தது. தேர்வு நிகழ்ந்தது; ஆனால் பயனரின் மேசையில் அன்று, இதழ் அலுவலகத்தில்.

தட்டு கிடைத்துவிட்டால் மட்டும் போதவில்லை. அக்காலத்து மலிவான மோடங்கள் பல ‘வின்மோடம்’ வகையைச் சேர்ந்தவை. அவற்றின் வேலையில் பெரும்பகுதியை விண்டோஸுக்கான மென்பொருளே செய்தது. லினக்ஸில் அவை உயிரற்ற அட்டைகள். மோடம் ஓடாவிட்டால் இணையம் இல்லை. இணையம் இல்லாவிட்டால் மோடத்தை ஓடவைக்கும் வழியைத் தேட இயலாது. இந்தச் சுழலிலிருந்து மீட்டவர்கள் லினக்ஸ் பயனர் குழுவினர். பெங்களூரு, தில்லி, மும்பை, சென்னை எனப் பல நகரங்களில் இக்குழுக்கள் தோன்றின. சென்னைக் குழுவினர் ஐஐடி வளாகத்தில் கூடிவந்தனர். நிறுவல் விழா என்ற பெயரில் புதியவர்கள் தம் கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதும், மூத்தவர்கள் உடனமர்ந்து நிறுவித் தருவதும் இக்குழுக்களின் வழக்கம். அருகில் உள்ள குழுவினர் எதை நன்கறிவாரோ அதையே புதியவரும் ஏற்றார். ஏனெனில் அடுத்த மாதம் ஏதேனும் நின்றுபோனால் அவர்களிடம்தான் வர வேண்டும்.

இக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த ரெட் ஹாட் லினக்ஸ் ஒரு பாடத்தையும் விட்டுச்சென்றது. 2003-இல் அந்நிறுவனம் பொதுப் பயனர்களுக்கான தன் பதிப்பை ஒன்பதாம் எண்ணோடு முடித்துக்கொண்டு, கட்டணம் செலுத்தும் நிறுவனங்களுக்கான பதிப்பில் கவனத்தைக் குவித்தது. பொதுமக்களுக்கென ஃபெடோரா என்ற புதிய திட்டம் அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்தது. ஃபெடோரா புதுமைகளை முந்தித் தரும். ஆயின் ஒவ்வொரு பதிப்பின் ஆயுளும் ஏறத்தாழ ஓராண்டே. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டி வந்தவர்களுக்கு இது காலடியில் மண் நகர்ந்ததைப் போன்றது. அந்தப் பக்கம் டெபியனோ 2002 ஜூலையில் ஒரு பதிப்பை வெளியிட்ட பின் அடுத்ததற்கு 2005 ஜூன் வரை எடுத்துக்கொண்டது.

இந்த இடைவெளியில்தான் உபுண்டு நுழைந்தது. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மார்க் ஷட்டில்வொர்த் நிறுவிய கனானிகல், டெபியனை அடித்தளமாகக் கொண்டு 2004 அக்டோபரில் முதல் பதிப்பை வெளியிட்டது. ஆறு மாதத்திற்கு ஒரு பதிப்பு என்ற ஒழுங்கு, ஒரே குறுந்தட்டில் அடங்கிய அளவு, எளிய நிறுவல் ஆகியவை அதன் சிறப்புகள். இந்தியாவைப் பொறுத்தவரை எல்லாவற்றினும் மேலான சிறப்பு, ‘ஷிப்இட்’ திட்டம். முகவரியைப் பதிந்தால் குறுந்தட்டு அஞ்சலில் வீடு தேடி வரும். தட்டுக்கும் காசில்லை, அஞ்சலுக்கும் காசில்லை. 2011 ஏப்ரலில் அத்திட்டம் நிறுத்தப்படும்வரை, அகலக்கற்றை எட்டாத சிற்றூர்களுக்கும் அது ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது. உபுண்டுவின் வெற்றிக்குத் தொழில்நுட்பக் காரணங்கள் பல உண்டு. தபால்காரர் கொண்டுவந்து தந்த இயங்குதளம் என்பதையும் அவற்றோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

எழுத்து நின்ற இடம்

கைக்கு வந்த வழங்கலைத் திறந்து தம் தாய்மொழியில் ஒரு சொல் எழுத முனைந்தவருக்கு அடுத்த தடை காத்திருந்தது.

இந்திய எழுத்துமுறைகளில் ஒலி வரிசையும் கண்ணுக்குத் தெரியும் வரிசையும் ஒன்றல்ல. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளலாம். யுனிகோடு முறையில் கணினி சேமிப்பது முதலில் ககர மெய், பின்பு ஒகர உயிர்க்குறி. திரையில் வரையும்போதோ கொம்பு முன்னும் கால் பின்னும் வர, நடுவே ககரம் நிற்க வேண்டும். இந்தியில் இகரக் குறி மெய்க்கு இடப்புறம் வர வேண்டும். மலையாளத்திலும் வங்காளத்திலும் தெலுங்கிலும் மெய்கள் ஒன்றன்மேல் ஒன்றாகவோ ஒன்றோடொன்றாகவோ இணைந்து புது வடிவம் பெற வேண்டும். ரோமன் எழுத்தை மனத்தில் கொண்டு கட்டப்பட்ட நிரலுக்கு இவை எதுவும் தெரியாது. அது கொம்பையும் காலையும் சிதறவிட்டு, நடுவில் புள்ளியிட்ட வட்டம் ஒன்றையும் போட்டுவைக்கும்.

இதைச் சரிசெய்ய ‘எழுத்தமைப்பு இயந்திரம்’ தேவைப்பட்டது. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் லினக்ஸில் அத்தகைய இயந்திரம் ஒன்றல்ல, மூன்று இருந்தன. க்னோம் மேசைத்தளம் பாங்கோ என்ற நூலகத்தை நம்பியது. கேடிஈ மேசைத்தளம் க்யூடி என்ற நூலகத்திற்குள் இருந்த தனி அமைப்பை நம்பியது. ஓப்பன் ஆபீஸ் ஐசியு என்ற மூன்றாவதை நம்பியது. விளைவாக, ஒரே கணினியில் ஒரே சொல் உலாவியில் சரியாகவும் கடிதத்தில் பிழையாகவும் தோன்றுவது இயல்பாயிற்று. எந்த வழங்கல் எந்த மேசைத்தளத்தை இயல்பாக வைத்திருக்கிறது, அதன் எத்தனையாவது பதிப்பைச் சேர்த்திருக்கிறது என்பது, இந்திய மொழிப் பயனருக்குத் தம் எழுத்து பிழைக்குமா என்ற கேள்வியாயிற்று. மேலைநாட்டுப் பயனருக்கு க்னோமா கேடிஈயா என்பது அழகியல் விவாதம். பாலக்காட்டிலோ பாட்னாவிலோ அது எழுத்தறிவு பற்றிய விவாதம்.

தீர்வு வந்த வழிகள் பல. இந்திக்கான இண்ட்லினக்ஸ், வங்காளத்திற்கான அங்குர் போன்ற தன்னார்வக் குழுக்கள் மேசைத்தளங்களை மொழிபெயர்த்தன, பிழைகளைப் பதிந்தன, திருத்தங்களை மூலத் திட்டங்களுக்கே அனுப்பின. தமிழாக்கத்திலும் இவ்வகைத் தன்னார்வ உழைப்பே பெரும்பங்கு வகித்தது. ரெட் ஹாட் நிறுவனம் 2004-இல் லோஹித் என்ற எழுத்துரு வரிசையைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. தமிழ் உட்படப் பல இந்திய எழுத்துகளுக்கு அவ்வரிசையில் எழுத்துரு உண்டு. அதுவரை இந்திய எழுத்துருக்கள் பெரும்பாலும் காசுகொடுத்து வாங்கும் சரக்குகள், அல்லது ஒன்றுக்கொன்று ஒவ்வாத குறியேற்றங்களில் சிறைப்பட்டவை. எவரும் எடுத்துச் சேர்க்கத்தக்க எழுத்துரு கிடைத்தபின், அது ரெட் ஹாட்டின் போட்டியாளர்களான டெபியனிலும் உபுண்டுவிலும் கூட இடம்பெற்றது. மூன்று எழுத்தமைப்பு இயந்திரங்களின் இடத்தையும் பின்னர் ஹார்ஃப்பஸ் என்ற ஒற்றை நூலகம் படிப்படியாக ஏற்றுக்கொண்டது.

கேரளத்தின் தேர்வு

மேற்சொன்ன மூன்று காரணங்களும் ஒருங்கே கூடிவந்த இடம் கேரளம்.

அக்கதை கணினிக்கு முன்பே தொடங்குகிறது. 1971-இல் கேரள அரசு மலையாள எழுத்தைச் சீர்திருத்தியது. தட்டச்சுப் பொறியிலும் அச்சிலும் அடங்க வேண்டும் என்பதற்காகக் கூட்டெழுத்துகள் பல பிரிக்கப்பட்டன. உகர, ஊகாரக் குறிகள் மெய்யிலிருந்து கழன்று தனியே நின்றன. அச்சு வடிவங்களின் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. பொறிக்காக மொழி வளைந்தது. 1999-இல் ‘ரசனா’ என்ற இயக்கத்தைத் தொடங்கிய ஆர். சித்ரஜகுமார், கே. எச். ஹுசைன் முதலியோர் ஒரு வினாவை எழுப்பினர்: தட்டச்சுப் பொறிக்கு இருந்த இடநெருக்கடி கணினிக்கு இல்லாதபோது, பழைய எழுத்தை ஏன் இழந்திருக்க வேண்டும்?

2001 ஜூலையில் ஸ்டால்மன் வருகை தந்து, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. 2002-இல் கோழிக்கோட்டுப் பொறியியல் மாணவர் பைஜு என்பவரின் முயற்சியில் ‘சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ உருவாயிற்று. ‘என் கணினிக்கு என் மொழி’ என்பது அதன் முழக்கம். ரசனா எழுத்துரு யுனிகோடு வடிவில் கட்டற்ற உரிமத்தோடு வெளிவந்தது. ஹுசைன் வடிவமைத்த மீரா எழுத்துரு தொடர்ந்தது. இரண்டும் பழைய எழுத்துமுறையைப் பின்பற்றுபவை. முதன்மை வழங்கல்கள் சிலவற்றில் மலையாளத்திற்கான இயல்பு எழுத்துருவாக மீரா அமைந்தபோது, 1971-இல் அரசாணையால் விலக்கப்பட்ட கூட்டெழுத்துகள் எந்த ஆணையும் இன்றித் திரையில் திரும்பி வந்தன. வழங்கல் ஒன்றில் இயல்பு எழுத்துரு எது என்ற சிறு முடிவுக்கு இருக்கும் ஆற்றலுக்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

இதே காலத்தில் பள்ளிக் கல்வித் துறையின் ஐடி@ஸ்கூல் திட்டமும் வளர்ந்துவந்தது. தனியுரிம மென்பொருளைப் பாடமாக வைப்பதற்கு ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2000-ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் பள்ளிகள் படிப்படியாக லினக்ஸுக்கு மாறின. முதலில் டெபியனைத் தழுவி ஒரு பள்ளி வழங்கல் உருவாக்கப்பட்டது. பின்னர் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் அடித்தளமாயின. திட்டம் 2017-இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2019-இல் உபுண்டு 18.04-ஐ அடிப்படையாகக் கொண்ட பதிப்பை வெளியிட்டபோது, அது இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகளில் நிறுவப்படும் என்றும், உரிமக் கட்டணத்தில் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்றும் கைட் அறிவித்தது. அதே தொகுப்பை வீட்டுக் கணினிகளிலும் டிடிபி மையங்களிலும் எவரும் நிறுவிக்கொள்ளலாம் என்று திறந்தும் வைத்தது.

இத்தொகை கவனத்தை ஈர்க்கிறது. எனினும் கேரளத் தேர்வு நிலைத்ததற்கான காரணம் வேறிடத்தில் உள்ளது. பாடநூல் அதே மென்பொருளுக்காக எழுதப்பட்டது. ஆசிரியர்கள் அதிலேயே பயிற்சி பெற்றனர். செய்முறைத் தேர்வும் அதிலேயே நடந்தது. ஒரு கணினி நின்றுபோனால் பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்கு அதைச் சீராக்கத் தெரிந்திருந்தது. 1990-களில் பயனர் குழு சில பத்துப் பேருக்குச் செய்ததைக் கேரளத்தின் ஆசிரியர் வலையமைப்பு ஒரு மாநிலத்திற்கே செய்தது.

குறைகளும் உண்டு. ஒரு மாநிலமே ஒரே வழங்கலைப் பயிலும்போது மாணவருக்குத் தேர்வு என்பது இல்லை, கொடுத்ததைப் பயில்கிறார். எழுத்தின் சிக்கலும் முற்றாகத் தீரவில்லை. மலையாளத்தில் ‘அவன்’ என்பதன் ஈற்றில் வரும் மெய்க்குத் தனி வடிவம் உண்டு, ‘சில்லு’ எனப்படும். யுனிகோடு முதலில் இதை மெய், விராமம், கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி என்ற மூன்றன் சேர்க்கையாகக் கொண்டிருந்தது. 2008-இல் வெளிவந்த 5.1 பதிப்பில் சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியீடுகள் தரப்பட்டன. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் இதைக் கடுமையாக எதிர்த்தது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் ஒரே சொல் கணினிக்கு இரு வேறு சொற்களாகிவிடும். ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைக்காது என்பதே அவர்களின் வாதம். அவ்வச்சம் பொய்க்கவில்லை. எழுத்துருவை ஒரு குழு மாற்றலாம், வழங்கலை ஒரு மாநிலம் மாற்றலாம். உலகத் தரத்தை அவ்வாறு மாற்ற இயலாது என்பதை அவ்விவாதம் உணர்த்தியது.

நாட்டின் பெயரில் ஒரு வழங்கல்

மத்திய அரசும் தன் வழியில் ஒரு விடை தேடியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் பங்கேற்ற தேசியத் திறந்தமூல மென்பொருள் வள மையம் 2005-இல் அமைக்கப்பட்டது. அதன் வழியே டெபியனை அடித்தளமாகக் கொண்ட ‘பாஸ்’, அதாவது பாரத் இயங்குதளத் தீர்வுகள், 2007 ஜனவரியில் வெளிவந்தது. இந்திய மொழிகள் பலவற்றிலும் திரைச் சொற்களும் உள்ளீட்டு முறைகளும் முன்கூட்டியே பொருத்தப்பட்டிருந்தது அதன் சிறப்பு. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகள் விண்டோஸும் பாஸும் இணைந்தே வந்தன. 2015-இல் மத்திய அரசு திறந்தமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது. 2023-இல் பாதுகாப்பு அமைச்சகம் உபுண்டுவைத் தழுவிய ‘மாயா’ என்ற இயங்குதளத்திற்கு மாறுவதாகச் செய்திகள் வந்தன.

அலுவலகப் பாதுகாப்பு என்ற நோக்கில் இவற்றிற்குத் தனி நியாயம் உண்டு. வீட்டுப் பயனர் நோக்கில் மட்டும் ஒரு முரண் தென்படுகிறது. இந்திய மொழிகளுக்கான உழைப்பு மூலத் திட்டங்களிலேயே சேரச் சேர, இந்திய மொழிக்கெனத் தனி வழங்கல் வேண்டும் என்ற தேவை குறைந்தது. லோஹித்தும் மீராவும் ஹார்ஃப்பஸும் எல்லா வழங்கல்களுக்கும் பொதுவாயின. 2003-இல் எந்த லினக்ஸில் தமிழ் சரியாகத் தெரியும் என்று கேட்டிருந்தால் விடை வழங்கலுக்கு வழங்கல் மாறியிருக்கும். இன்று அக்கேள்விக்கு எல்லா முதன்மை வழங்கல்களிலும் ஒரே விடைதான். அந்தத் தன்னார்வலர்கள் தம் வேலையைச் செவ்வனே செய்ததால் அவ்வேலை கண்ணில் படாமல் போயிற்று.

கேரளமும் டெபியனும் தொடங்கிய உறவு ஒரு சுற்றை நிறைவு செய்தது என்று சொல்லத்தக்க நிகழ்வு 2023 செப்டம்பரில் நடந்தது. உலக டெபியன் பங்களிப்பாளர்களின் ஆண்டு மாநாடு இந்தியாவில் முதன்முறையாகக் கூடியது. கூடிய ஊர் கொச்சி.

இன்றைய தேர்வு

பழைய காரணங்கள் மூன்றும் இன்று உருமாறியே உள்ளன.

கைக்கு வந்து சேர்தல் என்ற சிக்கல் மலிவான இணையத்தால் தீர்ந்தது போலத் தோன்றும். ஆனால் அது வன்பொருளின் வயது என்ற வடிவில் திரும்பியுள்ளது. உபுண்டு 2017-இன் 17.10 பதிப்பிலிருந்து 32-பிட் கணினிகளுக்கான மேசைக்கணினி நிறுவியை நிறுத்தியது. பழைய கணினிகளின் புகலிடமாக இருந்த டெபியனும் 2025 ஆகஸ்டில் வெளிவந்த பதின்மூன்றாம் பதிப்பில் அவற்றுக்கான நிறுவியைக் கைவிட்டது. மறுபுறம், வைஃபை அட்டைகள் பலவற்றிற்குத் தேவையான தனியுரிமத் துணைநிரல்களைத் தன் அதிகாரப்பூர்வ நிறுவியில் சேர்க்க டெபியன் உறுப்பினர்கள் 2022-இல் வாக்களித்தனர். நெடுங்காலக் கொள்கை ஒன்று பயனரின் வசதிக்காகத் தளர்ந்தது. அதன் பயனாக, 2023-இன் பன்னிரண்டாம் பதிப்பு முதல் டெபியனை நிறுவுவது புதியவருக்கும் எளிதாயிற்று.

எழுத்து திரையில் நிற்கிறது. உள்ளீடும் அச்சும் இன்னும் சோதிக்கத் தக்கவை. தட்டச்சுக்கான ஐபஸ், ஃபிசிடிஎக்ஸ் போன்ற அமைப்புகளை ஒவ்வொரு வழங்கலும் ஒவ்வொரு வகையில் பொருத்துகிறது. தமிழ்99 முறையில் பழகியவரும் ஒலிபெயர்ப்பு முறையில் பழகியவரும் ஒரே வழங்கலில் வேறுவேறு அனுபவம் பெறுவர். இதை யாரும் பட்டியலிட்டுச் சொல்லித் தீர்க்க இயலாது. நிறுவாமலே யுஎஸ்பி குச்சியிலிருந்து ஓட்டிப் பார்க்கும் வசதி எல்லா முதன்மை வழங்கல்களிலும் உண்டு. 2000-இல் கிளாஸ் க்னாப்பர் க்னாப்பிக்ஸ் வழியே பரவலாக்கிய அம்முறையில் ஒருமணி நேரம் செலவிட்டு, சொந்த மொழியில் ஒரு பக்கம் எழுதி, அதை அச்சிட்டு, வைஃபையையும் ஒலியையும் மடிக்கணினியை மூடித் திறந்தால் விழிப்பதையும் பார்த்துவிடலாம். நூறு பரிந்துரைகளைப் படிப்பதைவிட அது பயன் தரும்.

ஆயுளும் கவனிக்கத்தக்கது. ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்பும் ஏறத்தாழ பதின்மூன்று மாதங்கள் ஆதரிக்கப்படும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கும், அவற்றை அடித்தளமாகக் கொண்ட லினக்ஸ் மின்டுக்கும் ஐந்து ஆண்டுகள். புதுமையை விரும்புபவருக்கு முன்னது தகும். ஊரிலிருக்கும் பெற்றோரின் கணினியை ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் மட்டுமே தொட வாய்ப்புள்ள மகளுக்குப் பின்னதே தகும். இங்கும் ரெட் ஹாட் லினக்ஸின் பழைய பாடம் நினைவுகூரத் தக்கது: உறுதிமொழி அளிப்பவர் யார், அதை முன்பு எவ்வாறு காத்தார் என்பதும் தரத்தின் ஒரு பகுதியே.

கடைசிக் காரணம் மட்டும் முப்பது ஆண்டுகளாக மாறவில்லை. கொச்சியில் ஒரு பள்ளி ஆசிரியரைத் தெரிந்தவருக்கு உபுண்டு எளிது. நண்பர் ஒருவர் டெபியன் வைத்திருந்தால் அவருக்கு டெபியன் எளிது. எவரையும் அறியாதவருக்கு, தம்மைப் போன்றவர்கள் அதிகம் பயன்படுத்துவதும் விண்டோஸ் பழக்கத்திற்கு நெருக்கமானதுமான மின்ட் எளிதாகலாம். எது சிறந்தது என்று கேட்பதற்கு முன், பழுதானால் யாரை அழைப்பது என்று கேட்டுக்கொள்பவர் பெரும்பாலும் தவறுவதில்லை.

விண்டோஸ் 10-இன் முடிவால் ஓரங்கட்டப்படும் மடிக்கணினிகளில் பல, இன்னும் ஐந்தாண்டு ஒரு மாணவருக்கோ ஒரு சிறுகடைக்கோ உழைக்கும் வலுவுள்ளவை. அவை பழைய இரும்புக் கடைக்குப் போகுமா, மேசையில் தொடருமா என்பது ஒவ்வொரு தெருவிலும் ஒரு நிறுவல் விழாவை நடத்த யாரேனும் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. 1996-இல் கணினிப் பெட்டியைத் தூக்கிவந்தவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் செய்த வேலை அதுதான். அந்த வேலை இன்னும் முடியவில்லை.